மாங்கொட்டைக் கப்பல்: கையால் செய்வதா, கம்ப்யூட்டரில் வரைவதா?

எங்கள் குறும்படத்தில் ஒரு விண்கலம் சேர்வராயன் மலையில் வந்து இறங்குகிறது. படம் 12 நிமிடம். கலம் கண்ணில் படுவது நான்கே ஷாட். கையில் இருந்தது 55,000 ரூபாய். அதில் பாதி சோற்றுக்கும் வண்டி வாடகைக்கும் போய்விடும். மீதியை வைத்து அந்த நான்கு ஷாட்டை எப்படி எடுப்பது என்று சேலம் செவ்வாய்ப்பேட்டை டீக்கடை ஒன்றில் மூன்று வாரம் சண்டை போட்டோம். எடிட்டிங் பார்க்கும் தம்பி கிராஃபிக்ஸ் கட்சி. கேமரா பிடிக்கும் அண்ணன் மாடல் கட்சி. கதை என்னுடையது என்பதால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிற வேலை எனக்கு.

“இந்தக் காலத்துல போய் யாராவது தெர்மாகோல் வெட்டிக்கிட்டிருப்பாங்களாண்ணா? கிராஃபிக்ஸ் வரையற ப்ளெண்டர் சாஃப்ட்வேர் ஃப்ரீ. கத்துக்கறதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்குது” என்பது தம்பியின் கட்சி. அண்ணனுடைய வாதம் அதைவிடச் சின்னது: “இல்லாத பொருளுக்கு நான் எப்படிடா லைட் போடறது?”

இப்போது படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இரண்டு வழியிலும் கை சுட்டுக்கொண்டாயிற்று. இதே கேள்வியோடு யாராவது பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தால் இது பயன்படலாம்.

முதலில் அந்த நான்கு ஷாட். ஒன்று, காலை வெயிலில் பள்ளத்தாக்குக்கு மேலே கலம் அசையாமல் நிற்கிறது. இரண்டு, காபித் தோட்டத்தின் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மெல்ல இறங்குகிறது. மூன்று, தோட்டத்தில் வேலை செய்யும் பாட்டி அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். நான்கு, பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலேறி மறைகிறது. பேச்சு முழுக்க இந்த நாலைப் பற்றித்தான். “கிராஃபிக்ஸா, மாடலா, எது நல்லது?” என்று மொத்தமாகக் கேட்டால் டீ ஆறிப்போகுமே தவிர பதில் வராது.

‘அந்தக் காலத்தில் மாடல், இந்தக் காலத்தில் கிராஃபிக்ஸ்’ என்று காலத்தை இரண்டாக வெட்டுவதும் சரியில்லை. 1984-ல் வந்த ‘தி லாஸ்ட் ஸ்டார்ஃபைட்டர்’ படத்திலேயே விண்கலங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டார்கள். அதற்கு முப்பது வருடம் கழித்து, 2014-ல், ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தின் சுழலும் கலத்துக்கு 25 அடி அகலத்தில் மாடல் கட்டினார்கள். அதே படத்தின் கருந்துளையை இயற்பியலாளர் கிப் தோர்ன் கொடுத்த சமன்பாடுகளை வைத்துக் கம்ப்யூட்டரில்தான் வரைய முடிந்தது. சில ஃப்ரேம்களுக்கு நூறு மணி நேரம் வரை பிடித்ததாம். கருந்துளைக்கு எந்தப் பட்டறைக்காரர் அச்சு எடுப்பார்? அவர்களும் எங்களைப் போலவே ஷாட் ஷாட்டாகத்தான் யோசித்திருக்கிறார்கள். டீக்கடை மட்டும் வேறு.

‘ஜுராசிக் பார்க்’ (1993) பற்றி எல்லோரும் கிராஃபிக்ஸ் என்றே பேசுகிறோம். அந்தப் படத்தில் டைனோசர்கள் தெரிகிற நேரம் மொத்தமே கால் மணிதான். அதிலும் கம்ப்யூட்டர் வரைந்தது சுமார் ஆறு நிமிடம். மற்றதெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறை செய்த இயந்திர உருவங்கள். மழைக் காட்சியில் அந்தப் பெரிய டி-ரெக்ஸின் ரப்பர் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் துண்டால் துடைத்துக் காயவைத்தார்கள். பிற்பாடு அந்தப் பட்டறையில் இருந்து வந்தவர்கள் தொடங்கிய லெகசி எஃபெக்ட்ஸ்தான் நம் ‘எந்திரன்’ (2010) சிட்டிக்கும் இயந்திர உருவங்கள் செய்தது. தண்ணீர் குடித்த டைனோசர் கதையை நான் சிரித்துக்கொண்டே அண்ணனுக்குச் சொன்னேன். சிரித்திருக்கக் கூடாது. பின்னால் வருகிறேன்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பார்கள். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோ 1952-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘காடு’ என்று ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. கதையில் பனியுகத்து மாமத் யானைகள் வர வேண்டும். என்ன செய்தார்கள்? நிஜ யானைகளுக்கு ரோமப் போர்வையை மாட்டிவிட்டார்கள். யானை அசைந்தால் ரோமமும் அசையும், வெயில் பட்டால் நிழல் தானாக விழும். யானைக்குப் போர்வை போர்த்தியது போலத்தானே இருக்கும் என்றால், ஆமாம், அப்படித்தான் இருக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

சரி, மாடலில் உள்ள சிக்கலுக்கு வருவோம். மாடல் ‘சின்னதாகத்’ தெரிவதற்கு முக்கியக் காரணம் செய்நேர்த்தி இல்லை, நேரம். 20 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு பொருள் விழ ஏறக்குறைய 2 விநாடி ஆகும். இருபத்தைந்தில் ஒரு பங்கு மாடலில் அதே உயரம் 80 செ.மீ.தான், அங்கே 0.4 விநாடியில் விழுந்துவிடும். கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், பொம்மை என்று. எனவே ஐந்து மடங்கு வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓடவிட வேண்டும். எத்தனை பங்கு சின்னதோ, அதன் வர்க்கமூலம்தான் மடங்கு. 25-க்கு 5, விநாடிக்கு 24 ஃப்ரேம் என்பது 120 ஆகிவிடும். இன்றைக்கு செல்போனே 120 எடுக்கிறதே என்று தம்பி உற்சாகமானான்.

அப்புறம்தான் வெளிச்சக் கணக்கு வந்தது. 120 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கிற வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. மாடல் முழுவதும் ஃபோகஸில் இருக்க வேண்டும், மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் இருந்தால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். துவார அளவு எஃப்/4-ல் இருந்து எஃப்/16-க்குப் போனால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் 80 மடங்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கல்யாண மண்டபத்துக்காரரிடம் விளக்கு வாடகை கேட்டுவிட்டு அண்ணன் இரண்டு நாள் பேசவே இல்லை. வெயிலுக்கு வாடகை இல்லை என்பதால், முடிந்ததை எல்லாம் வெளியில் எடுப்பது என்று அப்போதே முடிவானது.

நெருப்புக்கும் தண்ணீருக்கும் இந்தக் கணக்கு முழுதாக உதவாது. தண்ணீர்த் துளி மாடலுக்காகச் சின்னதாகாது. நெருப்பை வழிக்குக் கொண்டுவர வேறு தந்திரம் உண்டு. ‘இண்டிபென்டன்ஸ் டே’ (1996) படத்தில் தெரு நெடுகத் தீச்சுவர் உருண்டு வரும் காட்சிக்கு, தெருவின் மாடலையே செங்குத்தாக நிமிர்த்திவிட்டார்கள். மேலே கேமரா, கீழே தீ. நெருப்பு தன் வழக்கப்படி மேலே ஏறியது. திரையில் பார்த்தால் தெருவில் ஓடி வந்தது. இதைக் கேட்டதும் எங்கள் படத்திலும் எதையாவது கொளுத்த வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. கதையில் தீ இல்லை என்று அண்ணன் ஞாபகப்படுத்தினார்.

எங்கள் கலத்தின் வடிவம் மாங்கொட்டை. சேலத்துக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? தட்டையாக, நீளமாக, மேலெல்லாம் நார். கதையில் 25 மீட்டர் நீளம்; நாங்கள் செய்தது 1 மீட்டர். தெர்மாகோல் பாளங்களை ஒட்டி, சூட்டுக் கம்பியால் வெட்டி, மேலே காகிதக் கூழ், கூழின் மேல் தேங்காய் நார். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) மாடல்காரர்கள் கடையில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி பொம்மைகளைப் பிரித்து அந்தத் துண்டுகளைக் கலங்களின் மேல் ஒட்டினார்கள். நுணுக்கமான பாகங்கள் நிறைய இருந்தால் கண் அதைப் பெரிய பொருளாக எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு டாங்கி எதற்கு? கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா, மாதிரிக்குச் செய்து ஒதுக்கிய பித்தளைத் துண்டுகளை ஒரு டப்பாவில் கொட்டிக் கொடுத்தார்.

“திருப்பிக் கொடுத்துடணும் மாப்ளே. எடை எழுதி வெச்சிருக்கேன்.”

“பித்தளைதானே மாமா?”

“பித்தளைன்னாலும் எடை எடைதான்.”

கதவைச் சுற்றி ரிவெட் ஆணி வேண்டும். அதற்கு ஜவ்வரிசி. ஒரே அளவு, அழகான உருண்டை, பசையில் ஒட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்தால் அசல் ஆணி. எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய், பதினோரு மாலை வேலை.

இதே மாங்கொட்டையைத் தம்பி கம்ப்யூட்டரில் இரண்டே மாலையில் முடித்துவிட்டான். பெருமையாகக் காட்டினான், மறுப்பதற்கில்லை, நன்றாகவே இருந்தது. நார் வைத்தபோதுதான் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. ஒரு ஃப்ரேமுக்கு ஆறு நிமிடம். 10 விநாடி ஷாட்டுக்கு 240 ஃப்ரேம், அதாவது முழுசாக 24 மணி நேரம். சூரியன் இடதுபக்கம் இருந்திருக்க வேண்டும் என்று மறுநாள் கண்டுபிடித்தால் இன்னொரு 24 மணி நேரம். நார் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுகிறதே, அதைச் சொல்லிக் குற்றமில்லை. தேங்காய் நாருக்கு நாங்கள் கணக்கே போடவில்லை.

கம்ப்யூட்டர் கலம் மலையில் ஒட்ட வேண்டுமானால் அந்த இடத்தின் வெளிச்சம் அதன்மேல் விழ வேண்டும். அதற்கு ஸ்பாட்டில் ஒரு பளபளப்பான உருண்டையை வைத்துப் படமெடுத்துக்கொள்வார்கள். வானம், சூரியன், சுற்றியுள்ள மரங்கள் எல்லாம் அதில் தெரியும், அதைப் பார்த்து கம்ப்யூட்டரில் விளக்கு வைக்கலாம். கடையில் கேட்ட விலைக்கு எங்களால் முடியாது. தம்பி வீட்டில் இருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து குப்புறக் கவிழ்த்தான். போதும். ஸ்டீல் பிளான்ட் ஊரில் இதற்கா பஞ்சம்?

இனி நான் கண்டுகொண்ட விஷயம். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காசும் இல்லை, நிஜம் போலத் தெரிவதும் இல்லை. முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான். மாடல் என்றால் கலம் எத்தனை மீட்டர், எந்த நிறம், எந்தப் பக்கம் கேமரா, எந்த மணிக்கு வெயில் எல்லாவற்றையும் பசை காய்வதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும். கிராஃபிக்ஸில் எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் என்னைப் போல மனசு ஊசலாடுகிறவன் கையில் அந்த ‘அப்புறம்’ கிடைத்தால் ஆறு மாதம் போய்விடும். எங்கள் போன படத்தில் போனது. ஒரே ஒரு ஷாட்டை வெளியே ஓர் இடத்தில் கொடுத்திருந்தோம். அவர்கள் தாமதம் பாதி, நான் வாரத்துக்கு ஒரு திருத்தம் சொன்னது பாதி. கடைசியில் ஏழு மாதம் கழித்து வந்ததும், முதலில் வந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ (2023) 610 கிராஃபிக்ஸ் ஷாட்டுகளைச் சுமார் 35 பேரை வைத்து முடித்தது, ஆஸ்கரும் வாங்கியது. இயக்குநர் தகாஷி யமாசாகியே கிராஃபிக்ஸ் பிரிவுக்கும் தலைமை. சரியா தப்பா என்று சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே இருந்தார். ஆக, சட்டென்று முடிவெடுக்கிற ஆளுக்குக் கிராஃபிக்ஸ் மலிவு. தள்ளிப்போடுகிறவனுக்கு மாடல் மலிவு. நான் எந்த ரகம் என்று எனக்குத் தெரியும். பாதிக்குமேல் மாடல் என்று முடிவானது.

பாட்டி தொடும் மூன்றாவது ஷாட்டில் விவாதமே இல்லை. கலத்தின் வயிற்றில் ஆறடிக்கு நாலடி மட்டும் நிஜ அளவில், மூங்கில் சட்டத்தில் நாரைக் கட்டிச் செய்தோம். கிராஃபிக்ஸுக்காகப் பச்சைத் துணியை நீட்டி “இதைக் கலம்னு நெனச்சுக்கோங்க பாட்டி” என்று சொல்லியிருந்தால் அவர் எங்களைத்தான் ஒரு மாதிரி பார்த்திருப்பார். கையை வைத்தார், விரலில் ஒரு நார் சிக்கியது, இழுத்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். நான் எழுதாதது அது. அப்படியே வைத்துக்கொண்டோம்.

முதல் ஷாட்டுக்குப் பழைய தந்திரம்: மாடலைக் கேமராவுக்கு மூன்று மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் நிஜப் பள்ளத்தாக்கு. இருபத்தைந்தில் ஒரு பங்கு என்பதால் மூன்று மீட்டரில் உள்ள மாடல் 75 மீட்டர் தள்ளி நிற்கும் கலமாகத் தெரியும். 24 மி.மீ. லென்ஸ், எஃப்/11, மாடலும் மலையும் சேர்ந்தே ஃபோகஸில் இருக்கும். கலம் அசையவில்லை, அதனால் 120 ஃப்ரேமும் வேண்டாம். கேமராவும் நகரக் கூடாது. தூண்டில் நரம்பில் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும் என்று பின்பக்கத்தில் இரும்புக் கம்பி குத்தி நிறுத்தினோம். ஒரே சூரியன் இரண்டுக்கும் வெளிச்சம் போடுவதால் ஒட்டு வேலையே கிடையாது. காகிதத்தில் இதைவிடச் சுலபமான ஷாட் இல்லை.

விடிகாலையிலேயே ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, தெரிந்தவர் எஸ்டேட்டின் ஓரத்தில் மாடலை நிறுத்திப் பார்த்தால், பனிமூட்டம். பரவாயில்லை, அழகாக இருக்கும் என்றேன் நான். அண்ணன் மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். 75 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் பாதி வெளுத்திருக்கிறது. அதே தூரத்தில் நிற்பதாகச் சொல்லப்படும் எங்கள் கலம் கருகருவென்று அப்பட்டமாக நிற்கிறது. அதற்கும் கேமராவுக்கும் நடுவே இருப்பது மூன்று மீட்டர் பனிதானே! பனியிடம் நம் மோசடி செல்லவில்லை. நாரில் வேறு துளித்துளியாக ஈரம். ஒவ்வொன்றும் 2 மி.மீ. இருக்கும், கதைக் கணக்கில் 5 செ.மீ. துளி, எலுமிச்சம்பழம் அளவு. பனி விலகக் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில், பெயின்ட் சரியாகப் படாத அடிப்பக்கத்தில் ஜவ்வரிசி ஆணிகள் ஊறிக் கொழகொழத்து இறங்கிவிட்டன. துண்டெடுத்துத் துடைத்தோம். துடைக்கத் துடைக்க வழிந்தது. அண்ணன் டைனோசர் கதையை எனக்குத் திருப்பிச் சொன்னார்.

பத்து மணிக்கு மேல் வெயில் வந்து, நல்ல பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்பி எடுத்தோம். அந்த ஷாட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் எந்த சாஃப்ட்வேர் என்றுதான் கேட்கிறார்கள்.

இரண்டாவது ஷாட் எங்களை ரொம்பப் படுத்தியது. கலம் மரங்களுக்குப் பின்னே இறங்க வேண்டும். கிராஃபிக்ஸ் என்றால் ஒவ்வொரு இலையின் விளிம்பையும் வெட்டிப் பிரிக்க வேண்டும். சில்வர் ஓக் இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இலையில்லை, கிழிந்த ஜரிகை. மாடல் என்றால் மரத்தையும் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். அம்மாப்பேட்டையில் ஓடாமல் கிடந்த ஒரு தறிக்கூடத்தில், சவுக்குக் கிளைகளை மரமாக நட்டு, கதவைச் சாத்தி சாம்பிராணிப் புகை போட்டோம். காற்றில் மெல்லிய புகை இருந்தால் பின்னால் உள்ளது மங்கி, ஒரு முழத் தூரம் ஒரு ஃபர்லாங் ஆகிவிடும். ‘பிளேடு ரன்னர்’ (1982) மாடல் நகரத்தையும் புகை நிறைத்த அறையில்தான் எடுத்தார்கள். அவர்களுக்குப் புகையை ஒரே அளவில் வைக்க ஏற்பாடு இருந்தது. எங்களுக்கு ஒரு அட்டையும் ஒரு விசிறியும். ஒரு டேக்கில் மார்கழி, அடுத்த டேக்கில் ஆடி. இங்கே 120 ஃப்ரேம் கட்டாயம். கூடத்தின் தகரக் கூரையில் இரண்டு தகட்டைக் கழற்றி உச்சி வெயிலை உள்ளே விட்டோம். ஒன்பது டேக்கில் ஒன்று தேறியது. கலத்தைத் தூக்கிய கம்பியைத் தம்பி கம்ப்யூட்டரில் அழித்தான். மாடலும் கிராஃபிக்ஸும் கைகோத்த ஒரே இடம் அது. ‘மூன்’ (2009) படமும் இப்படிப்பட்டதுதான், சின்ன பட்ஜெட்டில் மாடல் எடுத்து மேலே கம்ப்யூட்டர் மெருகு.

நான்காவது முழுக்கத் தம்பியுடையது. பனிக்குள் மாடல் செல்லாது என்று மலையே சொல்லிவிட்டது. மூட்டத்தையும் கம்ப்யூட்டரில் செய்யப் பார்த்து லேப்டாப் இரண்டு முறை நின்றுவிட்டது. கடைசியில் அன்றைக்குக் காத்திருந்த நேரத்தில் அவன் சும்மா எடுத்து வைத்திருந்த நிஜப் பனியையே அடுக்கடுக்காகப் பிரித்து, கலத்தை நடுவில் நுழைத்தான். தூரம் கூடக்கூட வெளுக்கிறது. மூன்று மீட்டர் மோசடி இங்கே இல்லை. ஒரு யோசனை மட்டும்: கம்ப்யூட்டர் வரைந்து முடிக்கும் ஷாட்டை (ரெண்டரை) வீடியோவாக வைக்காமல் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தனித்தனிப் படங்களாகச் சேமியுங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் போனது. காலையில் 147-ஆவது ஃப்ரேமில் இருந்து தொடர்ந்தான். இல்லையென்றால் முதலில் இருந்து.

மாடல் இப்போது அம்மாவின் பழைய சேலைக்குள் சுற்றி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டாவது ஷாட்டை இன்னொரு தடவை எடுக்கலாமா என்று தம்பி இழுக்கிறான். அவன் ஒரு முடிவு சொல்லும் வரை கொலுசுத் துண்டுகளைப் பிரிக்க முடியாது. மாமா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.